குதிகால் வெடிப்புக்குப் பெட்ரோலியம் ஜெல்லி போடலாமா?

கேள்வி: பித்தவெடிப்புக்கு தினமும் பெட்ரோலியம் ஜெல்லி தடவுகிறேன், ஆறவில்லை. பியூட்டி பார்லரில், 'அது பெட்ரோல் கழிவு, தோல் மூச்சு விடாது' என்று சொல்லி 850 ரூபாய்க்கு ஒரு மூலிகை பாம் கொடுத்தார்கள். எதை விடுவது?

பதில்: ஜெல்லியை விடாதீர்கள். தடவும் முறையை மாற்றுங்கள்.

கச்சா எண்ணெயிலிருந்து வருவது உண்மைதான். மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்தபின் மிஞ்சுவது மெழுகும் கனத்த எண்ணெயும். மூச்சு விடுவது நுரையீரலின் வேலை. குதிகாலுக்கு அந்தப் பொறுப்பே கிடையாது.

ஜெல்லியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அது பாத்திரத்து மூடி மாதிரி. உள்ளே இருக்கும் ஈரத்தைப் போகவிடாது, அவ்வளவுதான். காய்ந்த காலில் தடவினால் வறட்சியைத்தான் மூடி வைக்கிறீர்கள். இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் காலை ஊறவைத்து, நுரைக்கல்லால் (பியூமிஸ் கல்) லேசாகத் தேயுங்கள். ஒற்றித் துடைத்து, ஈரம் முழுக்கக் காயும் முன்பே ஒரு குதிகாலுக்குப் பட்டாணி அளவு தடவி, பருத்திக் காலுறை போட்டுப் படுங்கள். தோல் தடித்துப் போயிருந்தால் ஜெல்லி அதைக் கரைக்காது. முதலில் 10 சதவீத யூரியா க்ரீம், அது ஊறியதும் மேலே ஜெல்லி. இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள்.

அந்த பாம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'செரா மைக்ரோகிரிஸ்டலினா', 'ஓசோகரைட்', 'செரெசின்', 'பாரஃபினம் லிக்விடம்' என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எல்லாம் அதே தாது மெழுகும் எண்ணெயும்தான். முன்பக்கம் வேப்பிலைப் படம் உள்ளங்கை அகலம். உட்பொருள் பட்டியலோ பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாத எறும்பு எழுத்து. இதை யாரும் கேட்பதில்லை.

கிலோ கணக்கில் சில்லறையாக அளந்து தரும் ஜெல்லியைத் தொடாதீர்கள். சரியாகச் சுத்திகரிக்காத ரகத்தில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் மிஞ்சலாம். மண்ணெண்ணெய் வாடை வந்தால் அப்படியே தூக்கிப் போடுங்கள். மருந்துக் கடையில் 'ஒயிட் சாஃப்ட் பாரஃபின் ஐ.பி.' (இந்திய மருந்துத் தரநூலின்படி சுத்திகரித்த அதே ஜெல்லி) என்று கேளுங்கள், விலையும் குறைவு.

சர்க்கரை நோய் இருந்தால் கணக்கே வேறு. காலில் உணர்வு குறைந்து சூடு தெரியாமல் போகலாம், ஊறவைப்பதே வேண்டாம். குளித்து முடித்ததும் தடவினால் போதும். நுரைக்கல், பிளேடு, 'பெடிக்யூர்' எதுவும் கூடாது. விரலிடுக்கில் ஜெல்லி படவே கூடாது. அங்கே ஈரம் தேங்கினால் தோல் வெந்து சேற்றுப்புண் வரும். தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். வெடிப்பில் ரத்தமோ சீழோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அதன்மேல் ஜெல்லியைப் பூசி மறைக்காதீர்கள்.