கஷ்டத்தில் வளர்ந்தும் சின்ன வயதிலேயே ஊருக்கு உதவும் ஒருவரை நீங்கள் நேரில் பார்த்ததுண்டா?

பார்த்திருக்கிறேன். என் கடைக்கு அடிக்கடி வந்துபோகும் பெண்தான்.

வேடசந்தூர் பக்கம் சின்னதாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2021 ஜூலை வாக்கில் ஒரு பெண் வந்து, "அண்ணே, வீணாப்போன பேப்பர் இருந்தா தருவீங்களா?" என்றாள். மை இழுவியது, கோணலாக விழுந்தது எல்லாவற்றையும் சேர்த்து எடைக்குப் போடுவது என் வழக்கம். எதுக்கும்மா என்றேன். "பின்பக்கம் வெள்ளையாத்தானண்ணே இருக்கு, பிள்ளைங்க எழுதும்."

பத்தாவது படிக்கும்போதே அவளுக்கு அப்பா இல்லை. பன்னிரண்டாவது முடித்த கையோடு நூல் மில்லில் வேலை. காலை 6 மணி ஷிப்ட் என்றால் விடியுமுன்பே மில் பஸ் வந்துவிடும். மதியம் தலையெல்லாம் பஞ்சோடு வந்து இறங்குவாள். அதற்கு மேல்தான் அவள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம். சாயங்கால ஷிப்ட் வாரத்தில் அவள் தங்கச்சி உட்காருவாள்.

அதில் என் மகனும் ஒருவன். 2019இல் ஒன்றாவது சேர்த்தோம். அடுத்த மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1. அப்போது அவன் மூன்றாவது! இரண்டாம் வகுப்பு என்ற ஒன்றையே அவன் பார்த்ததில்லை. கல்வித் தொலைக்காட்சி பாட்டுக்கு ஓடும், இவன் பாட்டுக்குத் தூங்குவான். 'ழ' எழுதச் சொன்னால் என் முகத்தைப் பார்ப்பான். அப்பன்காரன் நானோ ஊரார் மனுவையெல்லாம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

கொரோனாவில் விட்டுப்போன பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க, அந்த அக்டோபரில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. தன்னார்வலராக அவளுக்கு ஆன்லைனில் பதிந்து கொடுத்தது நான்தான். சாயங்காலம் 5 மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம், மாதம் 1000 ரூபாய். இருபது நாள் என்று வைத்தாலும் மணிக்கு 33 ரூபாய்தான் தேறும். சேவை, தியாகம் என்று மேடையில் பேசிவிடலாம், எனக்கென்னவோ அந்தக் கணக்கு உறுத்தியது. அவளிடமே சொன்னேன். சிரித்தாள். "மில்லுல மிஷின் சத்தத்துல கத்துனாலும் கேக்காதுண்ணே. இங்க பேசுறதுதானே வேலை."

கொஞ்ச நாள் கழித்து ஒரு ராத்திரி, மகன் வீட்டுப்பாடத் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். யாருடையதோ பாதியில் நின்றுபோன நிலச் சிட்டா நகல். "வட்... டம்... வே-ட-சந்-தூர்..." அடுத்த வரியில் கொஞ்சம் தடுமாறிவிட்டு, "புன்செய்னா என்னப்பா?" என்றான்.

மழையை நம்பி விதைக்கிற காடுடா என்றேன். இப்போதெல்லாம் ஆதார் நகலை மட்டும் கிழித்துப்போட்டுவிட்டு, மிச்சத் தாளை அவளுக்கென்று தனியாக அடுக்கி வைக்கிறேன்.