மூன்று வாரப் பயணமா, ஒரு செமஸ்டர் படிப்பா?

கேள்வி: கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகள் இங்குள்ள ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் இயந்திரவியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியில் இரண்டு வாய்ப்புகளைச் சொல்கிறார்கள். ஒன்று, கோடை விடுமுறையில் ஐரோப்பாவில் மூன்று வாரம். செலவு மூன்றேகால் லட்சம், சான்றிதழும் உண்டாம். மற்றொன்று, மூன்றாம் ஆண்டில் ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டுத் திரும்புவது. அவளுக்கு இரண்டாவதில்தான் ஆசை. என் மைத்துனரோ, இரண்டும் வேண்டாம், பணத்தைச் சேர்த்துவைத்து எம்.எஸ். படிக்க அனுப்புங்கள் என்கிறார். எதுவானாலும் நகையை அடகு வைத்துத்தான் பணம் புரட்ட வேண்டும். என்ன செய்யட்டும்?
– ஒரு தந்தை, கோவை

பதில்: அன்புள்ள ஐயா, மூன்று வாரப் பயணத்துக்கு நகையைத் தொட வேண்டாம். ஒரு செமஸ்டர் படிப்பு நல்ல வாய்ப்புதான். ஆனால் கீழே நான் சொல்லப்போகும் ஒரு தாள் கைக்கு வராமல் அதற்கும் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். உங்கள் மைத்துனர் சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த மூன்று வாரத் திட்டத்தின் அட்டவணையை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இருபத்தோரு நாட்களில் வகுப்பு என்று இருப்பவை ஏழு காலைப்பொழுதுகள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். மீதி நாட்களில் தொழிற்சாலைப் பார்வை, நகர உலா, படகுச் சவாரி, ‘கலாசாரப் பரிமாற்றம்’ என்று எழுதியிருக்கிறார்கள். மொத்தச் செலவை இருபத்தொரு மணி நேர வகுப்பால் வகுத்தால் மணிக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. சுற்றுலா போவது தவறென்று நான் சொல்லமாட்டேன். கையில் பணமுள்ள குடும்பம் பிள்ளையை ஊர் பார்க்க அனுப்பினால் அது அவர்கள் விருப்பம். ஆனால் அந்தச் சான்றிதழ் மதிப்பெண் பட்டியலில் ஒரு வரியாகக்கூட ஏறப்போவதில்லை என்பதையும், பின்னாளில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அதைப் படித்த படிப்பாக யாரும் எண்ணப்போவதில்லை என்பதையும் தெரிந்துகொண்டு கட்ட வேண்டிய பணம் அது.

படிக்கிற படிப்பின் நடுவே ஒரு பகுதியை வெளிநாட்டில் படிப்பது புதிய ஏற்பாடு அல்ல. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகம் 1923ஆம் ஆண்டில் எட்டு மாணவர்களைக் கப்பலேற்றிப் பிரான்சுக்கு அனுப்பியது. ஐரோப்பாவில் எராஸ்மஸ் திட்டம் 1987இல் பதினொரு நாடுகளுக்கிடையே 3,244 மாணவர்களோடு தொடங்கியது. அந்தத் திட்டம் இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்கு இரண்டு எளிய விதிகள்தான் காரணம் என்பேன். போகிற இடத்தில் மாணவர் கல்விக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. அங்கே படித்துத் தேறியதைச் சொந்தக் கல்லூரி முழுவதுமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் மகளின் கல்லூரி வைத்திருக்கும் ஒப்பந்தத்தில் இந்த இரண்டும் இருக்கின்றனவா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. முதல்வர் அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தம் பெரும்பாலும் ‘இருவரும் இணைந்து செயல்பட விழைகிறோம்’ என்ற அளவில் நின்றுவிடும். கட்டண விலக்கும் மாணவர் எண்ணிக்கையும் எழுதப்பட்ட மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் வேறு. அதைத்தான் காட்டச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, நான் மேலே சொன்ன தாள். லேர்னிங் அக்ரிமென்ட் என்பார்கள். அதிகம் போனால் இரண்டு பக்கம்தான் இருக்கும். இடப்பக்கம், அங்கே உங்கள் மகள் படிக்கப்போகும் பாடங்களும், ஒவ்வொன்றின் அளவைக் குறிக்கும் கிரெடிட்டும். வலப்பக்கம், அவை ஒவ்வொன்றும் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடாகக் கொள்ளப்படும் என்ற விவரம். கீழே மாணவி, அனுப்பும் கல்லூரி, ஏற்கும் கல்லூரி என்று மூன்று கையொப்பங்கள். பல கல்லூரிகளில் இடப்பக்கத்தை நிரப்பிவிட்டு வலப்பக்கத்தை ‘வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். நான் ஒரு பொறியியல் கல்லூரியின் அயல்நாட்டுத் தொடர்புப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன். அந்த வலப்பக்கம் காலியாக இருந்ததால் ஒரு மாணவர் அல்லாடியதைக் கண்ணெதிரே பார்த்தேன். அவர் ஜெர்மனியில் ஐந்து பாடங்களில் நன்றாகவே தேறி வந்தார். ஒரு பாடத்தில் அவர் பெற்றது 1.7. அங்கே 1.0 தான் மிக உயர்ந்தது, 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. எங்கள் தேர்வுப் பிரிவில் அதைப் பத்துக்கு 1.7 என்று எடுத்துக்கொண்டு ‘ஃபெயில்’ என்று பதிந்துவிட்டார்கள். அதைத் திருத்தவே நான்கு மாதம் ஆனது. திருத்திய பிறகும், இரண்டு பாடங்களுக்கு இங்கே ஈடான பாடமே இல்லை என்று கூறி, அவற்றை ஜூனியர்களோடு உட்கார்ந்து எழுதச் சொன்னார்கள். நன்றாகப் படித்த பையன், அரியர் வைத்தவரைப்போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தேர்வறைக்குப் போனதை என்னால் மறக்க முடியவில்லை. அவருடைய தாளில் கையொப்பம் வாங்காமல் அனுப்பியவர்களில் நானும் ஒருவன்.

உங்கள் மகளுடையது தன்னாட்சிக் கல்லூரி என்று எழுதியிருப்பது ஆறுதலான செய்தி. பட்டத்தைப் பல்கலைக்கழகம் வழங்கினாலும், பாடத்திட்டத்தையும் தேர்வையும் நடத்துவது கல்லூரியே என்பதால், ஈடு எது என்பதை அதன் கல்விக் குழு முன்கூட்டியே தீர்மானித்துவிட முடியும். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரி என்றால் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் வேண்டும். அந்தக் கோப்பு நகரும் வேகம் நீங்கள் அறிந்ததுதான். கிரெடிட் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டில் படிப்பது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இங்கே ஒரு கிரெடிட் என்பது 15 மணி நேர வகுப்பு. ஆகவே எண்ணுக்கு எண் பொருத்திப் பார்த்தால் ஏதோ ஒரு பக்கம் அநியாயமாகவே முடியும். அங்குள்ள ஐந்து கிரெடிட் பாடம் இங்குள்ள மூன்று கிரெடிட் பாடத்துக்குத் தோராயமாக ஈடாகும் என்று வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் நடக்கும் பாடங்களின் பட்டியலை இப்போதே வாங்கிவிட வேண்டும். பரிமாற்ற மாணவர்களுக்கான பட்டியலில் மேலாண்மைப் பாடங்கள் நிறைய இருக்கும், இயந்திரவியலுக்கு உருப்படியானவை மூன்றோ நான்கோதான் தேறும் என்ற நிலையும் உண்டு.

எந்த செமஸ்டரில் அனுப்புவது என்பது பலரும் யோசிக்காத விஷயம். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டரின் வகுப்புகள் செப்டம்பர் இறுதி அல்லது அக்டோபரில்தான் தொடங்கும், தேர்வுகள் ஜனவரி, பிப்ரவரி வரை இழுக்கும். நம் ஐந்தாம் செமஸ்டரோ ஜூலை வாக்கில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. அதற்குப் பதிலாகப் போனால் முதல் மூன்று மாதம் வீட்டில் சும்மா இருக்க வேண்டும். அங்கே தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போதே இங்கே ஆறாம் செமஸ்டர் வகுப்புகள் ஓடத் தொடங்கிவிடும். ஒரு செமஸ்டருக்குப் போய் இரண்டைக் கெடுத்துக்கொள்வது இப்படித்தான். கோடைகால செமஸ்டர் மார்ச் நடுவிலோ ஏப்ரலிலோ தொடங்கி ஜூலையில் வகுப்புகள் முடியும். அதை ஆறாம் செமஸ்டருக்கு ஈடாக வைத்துக்கொண்டால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் விசா வேலையையும் அடிப்படை ஜெர்மன் வகுப்பையும் முடித்துவிடலாம். கடைசித் தேர்வு ஜூலை இறுதிக்குப் போனால் ஏழாம் செமஸ்டரின் முதல் சில வாரங்கள் தவறும். வளாக நேர்காணலுக்கு நிறுவனங்கள் வரும் காலமும் அதுவே. அந்த வாரங்களின் வருகைப்பதிவுக்கு விலக்கு உண்டு என்றும், பிளேஸ்மென்ட் பதிவில் அவள் பெயர் விடுபடாது என்றும் துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உறுதி ஆள் மாறினால் காற்றோடு போய்விடும்.

இனி பணம். பரிமாற்ற ஒப்பந்தம் என்றால் இங்கே வழக்கமான கட்டணத்தைக் கட்டிவிட்டு அங்கே கல்விக் கட்டணம் இல்லாமல் படிப்பாள். நூறு யூரோவிலிருந்து சில நூறு யூரோ வரையிலான செமஸ்டர் பங்களிப்பு மட்டும் சில இடங்களில் இருக்கும். பெரிய தொகை தங்கும் செலவுதான். தொண்ணூறு நாளைத் தாண்டுவதால் சுற்றுலா விசாவில் போக முடியாது; 75 யூரோ கட்டி நீண்டகால விசா வாங்க வேண்டும். அதற்கு மாதம் 992 யூரோ என்ற கணக்கில், தங்கும் மாதங்களுக்கான பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் வைத்திருக்கும் அளவு இது. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய ஆறு லட்சம். இதைப் ‘பிளாக்டு அக்கவுண்ட்’ என்ற முடக்கக் கணக்கில் போடச் சொல்வார்கள். பல பெற்றோர் இதைக் கட்டணம் என்றே நினைத்துப் பயப்படுகிறார்கள். அது உங்கள் மகளின் பெயரில் இருந்து, மாதாமாதம் அவளுக்கே வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் விடுவிக்கப்படும் பணம். ஆனாலும் செலவாகிப் போகும் பணம்தான், திரும்பி வருவதல்ல. விமானக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் தனி. பகுதிநேர வேலை செய்து ஈடுகட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சட்டம் அனுமதித்தாலும், மொழி தெரியாமல் போய் ஐந்து மாதத்தில் வேலை தேடிப் பிடித்துச் சம்பாதித்து மிச்சம் பிடிப்பதற்குள் திரும்பும் நாள் வந்துவிடும்.

ஆக, மூன்று வாரத்துக்குக் கேட்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இதற்கு ஆகும். மேலே சொன்ன எராஸ்மஸின் இன்றைய வடிவமான எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள கல்லூரி மாணவர்களுக்கும் மாத உதவித்தொகையும் பயணப்படியும் கிடைக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அதற்கு மாணவி தனியே விண்ணப்பிக்க முடியாது, அங்குள்ள கல்லூரி உங்கள் கல்லூரியோடு சேர்ந்து நிதி பெற்றிருக்க வேண்டும். அந்த நிதியில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால், அடகு வைக்கும் நகையைப் பட்டறை வருமானத்தைக் கொண்டு ஓராண்டுக்குள் மீட்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் மைத்துனர் சொல்வதே சரி.

அவர் சொல்லும் மேற்படிப்புக்கும் ஜெர்மனியையே எடுத்துக்கொண்டால், பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்குகிறது. முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். இங்கே படித்த சான்றிதழ்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். இவை பெரிய தொகைகள்தான். ஆனால் முழுப் பட்டப்படிப்புக்கு வங்கியில் கல்விக் கடன் கேட்கலாம், வழக்கமாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டாமல் இருக்க வழி உண்டு. நகைக் கடனில் அந்த அவகாசம் இல்லை. உங்கள் மகளின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அங்கே பல பாடங்களில் இன்டர்னல் மதிப்பெண் என்ற ஒன்றே இல்லை. செமஸ்டர் முடிவில் எழுதும் ஒரே தேர்வுதான் எல்லாம். முழுப் படிப்புக்குப் போனவர் ஒரு பாடத்தை வழக்கமாக மூன்று முறைதான் எழுதலாம், மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பையே விட வேண்டிவரும். நம்மைப்போல அரியரைச் சுமந்துகொண்டே கடைசி ஆண்டு வரை போக முடியாது. அந்த முறை தனக்கு ஒத்துவருமா என்பதை, இரண்டாண்டுப் படிப்பில் இறங்குவதற்கு முன் ஒரு செமஸ்டரில் அவள் பார்த்துக்கொள்ள முடியும் என்பதே பரிமாற்றத்தின் பெரிய பயன்.

எந்த முடிவெடுத்தாலும் செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று உண்டு. மகளின் பாஸ்போர்ட்டையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் கல்லூரி அடையாள அட்டையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல், மற்றொன்றில் உங்கள் பெயர் முழுவதுமாக, இன்னொன்றில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக என்று நம் பிள்ளைகளின் பெயர் மூன்று விதமாக இருக்கும். விசா விண்ணப்பத்திலும் முடக்கக் கணக்கிலும் அங்குள்ள கல்லூரிப் பதிவிலும் ஒரே பெயர்தான் செல்லும். பாஸ்போர்ட்டில் திருத்தம் தேவையென்றால் அதற்கு ஆகும் வாரங்களையும் கணக்கில் வைத்து இந்த மாதமே விண்ணப்பித்துவிடுங்கள்.