மூக்கு வளைந்த கரைப்பறவையைப் படம் எடுக்க…

கேள்வி: தனுஷ்கோடியில் சாம்பல் பழுப்பு நிறத்தில் சின்னப் பறவை ஒன்றைப் பார்த்தேன். மூக்கு மேல்நோக்கி வளைந்திருந்தது, நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. கிட்டே போனால் பறந்துவிடுகிறது. என்ன பறவை அது? தை மாதம் மறுபடி போகிறேன். கையில் 70–300 லென்ஸ்தான். 600 மி.மீ. வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: கால் என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லை, அடையாளத்துக்கு அதுதான் முக்கியம். குட்டையான ஆரஞ்சு மஞ்சள் கால் என்றால் டெரெக் உள்ளான். பச்சைக்கால் உள்ளானுக்கும் மூக்கு லேசாக மேலே வளைந்திருக்கும். ஆனால் அது உருவத்தில் பெரியது, கால் நீளம். கறுப்பு வெள்ளை உடம்பும் நீல நிறக் காலும் இருந்தால் கோணமூக்கு உள்ளான். சின்னப் பறவை, ஓடிக்கொண்டே இருந்தது என்கிறீர்கள், ஆகவே டெரெக் என்றே நினைக்கிறேன். சிறு நண்டுகளைத் தலையைத் தாழ்த்தித் துரத்திப் பிடிப்பது அதன் வழக்கம்.

அந்த மூக்கைப் பார்த்தே பறவை எங்கே மேயும் என்று சொல்லிவிடலாம். படம் எடுக்க நினைப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள விஷயம் இல்லை. குதிரைமலைக் கோட்டான் (கர்லூ) என்ற பெரிய கரைப்பறவையின் கீழ்நோக்கி வளைந்த நீள மூக்கு நண்டு வளைக்குள்ளும் புழுப் பொந்துக்குள்ளும் நுழைவதற்கானது. பெட்டைக்கு இன்னும் நீளம். ஆகவே வளைகள் நிறைந்த ஈரச் சேற்றில் அதை எதிர்பார்க்கலாம். கோணமூக்கு உள்ளான் ஆழமில்லாத தண்ணீரில் மூக்கை இடம் வலமாக வீசிக்கொண்டே நடக்கும். கோடியக்கரைப் பக்கம் போனால் மூக்கன் (காட்விட்) என்ற நீள மூக்குக் கரைப்பறவைகளைக் கவனியுங்கள். மூக்கு நுனியில் இருக்கும் தொடு உணர்வால் சேற்றுக்குள் புழு இருப்பதை அறிந்து, மீதி மூக்கு மூடியே இருக்க, மேல் அலகின் நுனியை மட்டும் திறந்து கவ்வும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்காத காட்சி அது. தனுஷ்கோடியிலும் எதிரே இலங்கையின் மன்னாரிலும் நண்டு உள்ளானையும் தேடுங்கள். நண்டை உடைக்கத் தோதான தடித்த கறுப்பு மூக்கு அதற்கு. மணலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும் கரைப்பறவை அது ஒன்றுதான்.

சரி, படத்துக்கு வருவோம். பறவை பின்னால் போகாதீர்கள். அது ஈரக்கரை ஓரமாக எந்தத் திசையில் மேய்ந்து போகிறது என்று ஐந்து நிமிடம் பாருங்கள். பிறகு அதற்கு வெகுதூரம் முன்னால், கரையிலிருந்து விலகிச் சுற்றிப் போய், மணலில் படுத்துவிடுங்கள். அசையாமல் கிடக்கும் ஆளைத் தாண்டி அது தானாக மேய்ந்து வரும் வாய்ப்பு அதிகம். 300 மி.மீ. போதும் என்று நான் சொல்வது இதனால்தான். கேமரா தரையோடு இருந்தால் பின்னணியும் அழகாகக் கரைந்துவிடும்.

பாக் நீரிணைப் பக்கம் கடல் ஏற்றமும் வற்றமும் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் தட்டையான கரை என்பதால், தண்ணீர் கொஞ்சம் இறங்கினாலே நிறையச் சேறு வெளியே தெரியும். வற்றத் தொடங்கும் நேரம் காலையோடு சேர்ந்துவரும் நாளாகப் பார்த்துப் போங்கள். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்தே போகும். தனுஷ்கோடிச் சாலைக்கு வடக்கே உள்ள ஆழமற்ற நீர்ப்பரப்பை நோக்கினால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். வெயில் ஏறினால் மணல்மேல் கானல் அலையும். அப்புறம் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸிலும் படம் துல்லியமாக வராது.

ஓடும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1600 நொடி அல்லது அதைவிட வேகமாக. ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் நிலையில் இருக்கட்டும், குறி கண்மேல். மூக்கின் வளைவு தெரிய வேண்டுமானால் பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருங்கள். நேராக உங்களைப் பார்க்கும்போது எடுத்தால் வளைவும் தெரியாது, கண்ணும் மூக்கு நுனியும் சேர்ந்து ஃபோகஸ் ஆகவும் செய்யாது. பளிச்சென்ற மணல் பின்னணியில் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) முக்கால் ஸ்டாப் கூட்டுங்கள். கருஞ்சேற்றில் வெள்ளைப் பறவை என்றால் அதே அளவு குறையுங்கள். கடற்கரையில் லென்ஸைக் கழற்றவே கூடாது. மணலை ஊதித் தள்ளிவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பறவை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள், அங்கேயே நின்றுவிடுங்கள். பறக்கும் படம் வேண்டும் என்று கூட்டத்தைக் கலைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. டெரெக் உள்ளான் இனப்பெருக்கம் செய்வது ரஷ்யாவின் வடபகுதிகளில். திரும்பிப் போவதற்கான கொழுப்பை அது இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது. மாசிக்குப் பிறகு போனால் காய்ந்த மணலில் பார்த்து நடங்கள். 2023-இல் தனி இனமாக அடையாளம் காணப்பட்ட ஹனுமான் ப்ளோவர் என்ற சிறு கரைப்பறவை இந்தக் கரைகளில் வெறும் மணலில் முட்டையிடும். மணல் நிறத்திலேயே இருப்பதால் முட்டைகள் எளிதில் கண்ணில் படாது.

600 மி.மீ. இந்த ஆண்டு வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதிக்கு 8×42 பைனாகுலர் வாங்குங்கள். அடுத்த முறை காலின் நிறம் என்ன என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.