டெகார்த்தும் ஹமதானும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காண்ட் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஈரானில் ஜெர்மானியத் தத்துவவாதி ஹைடெக்கரையும் அறிவியல் தத்துவவாதி பாப்பரையும் முன்வைத்துப் பெரிய சண்டையே நடந்தது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அது வியப்பாக இருந்தது. இஸ்லாமிய உலகில் தத்துவம் இமாம் கஸ்ஸாலியோடு முடிந்துவிட்டது என்றுதான் கல்லூரியில் படித்தேன். முடிந்துபோன இடத்துக்கு ஐரோப்பியத் தத்துவம் வந்தால் அப்படியே ஏற்றுக்கொள்வார்கள். இல்லையென்றால் மார்க்கத்துக்கு விரோதம் என்று தள்ளிவிடுவார்கள். மூன்றாவதாக ஒன்று நடந்ததா? பாரசீகம் தெரியாத என்னைப் போன்றவர்கள் எங்கே தொடங்குவது?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

முதலில் கஸ்ஸாலி. அவர் 1111இல் மறைந்தார். தத்துவவாதிகளை அவர் கடுமையாகத் தாக்கியது உண்மைதான். ஆனால் அதோடு எல்லாம் முடிந்தது என்பது ஐரோப்பாவிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்த காட்சி. அரபு நூல்கள் லத்தீனுக்குப் போய்க்கொண்டிருந்தவரைதான் அவர்களுக்கு இஸ்லாமியத் தத்துவம் உயிரோடு இருந்தது. 12ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் தத்துவவாதி இப்னு ருஷ்துக்குப் பிறகு வந்தவர்கள் அந்த வழியாகப் போய்ச் சேரவில்லை. அத்துடன் கணக்கை மூடிவிட்டார்கள். ஈரானில் யாரும் மூடவில்லை. தத்துவவாதி சுஹ்ரவர்தி கஸ்ஸாலிக்குப் பின்னால் வந்தவர். முல்லா சத்ரா இன்னும் பின்னால், 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்த்தின் காலத்தவர். சத்ராவும் டெகார்த்தும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். டெகார்த் 'நான்' என்பதிலிருந்து தொடங்கினார். சத்ரா 'இருப்பு' என்பதிலிருந்து. பொருளின் சாரத்தைவிட அதன் இருப்பே முதன்மையானது, உலகப் பொருள்கள் தம் அடிப்படையிலேயே ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கின்றன என்றார். 1873 வரை வாழ்ந்த ஈரானிய அறிஞர் சப்ஸவாரி அதைச் செய்யுளாக எழுதி, உரையும் எழுதி, மாணவர்களுக்குக் கற்பித்தார். மதரஸாக்களில் அது பாடநூல் ஆயிற்று.

ஆகவே ஐரோப்பியத் தத்துவம் வந்து சேர்ந்தது ஆள் குடியிருந்த வீட்டுக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் பிறகு நடந்தவை புரியும்.

டெகார்த் பாரசீக மொழிக்கு வந்தது 1862இல். கொண்டுவந்தவர் தெஹ்ரானில் இருந்த பிரெஞ்சுத் தூதர் கொபினோ. ஆம், மனித இனங்களின் ஏற்றத்தாழ்வு பற்றி எழுதி, பின்னால் இனவெறியர்கள் கொண்டாடிய அதே கொபினோ. இந்தக் கதை இப்படிப்பட்ட ஒருவரிடமிருந்து தொடங்குவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை மறைக்கக் கூடாது. மொழிபெயர்த்தவர் ஹமதானைச் சேர்ந்த யூத அறிஞர் முல்லா லாலேஸார். ஹமதான் எந்த ஊர்? மருத்துவரும் தத்துவவாதியுமான இப்னு சீனா 1037இல் இறந்து அடக்கமான ஊர். இதை நான் ஏன் நினைவுபடுத்துகிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த மொழிபெயர்ப்பு பெரிய சலனத்தை உண்டாக்கவில்லை. ஆனால் கேள்விகள் தொடங்கிவிட்டன. சில பத்தாண்டுகள் கழித்து பதீஉல் முல்க் மிர்ஸா என்ற இளவரசர், அப்போது ஈரானை ஆண்ட காஜார் வம்சத்தவர், தெஹ்ரானின் பேராசான் ஆகா அலி முதர்ரிஸிடம் தத்துவக் கேள்விகளை எழுதிக் கேட்டார். ஐரோப்பியர்கள் சொல்வதைப் பற்றிய கேள்வியும் அதில் இருந்தது. ஆசான் பதிலை ஒரு நூலாகவே எழுதினார். எல்லாப் பதில்களும் பழைய சட்டகத்துக்குள்தான். ஆனாலும் கேள்வி கேட்கப்பட்டது, பதில் சொல்லப்பட்டது.

படித்த ஈரானியர்களுக்கு ஐரோப்பியத் தத்துவத்தை முறையாக அறிமுகம் செய்தவர் முஹம்மது அலி ஃபுரூகி. பலமுறை பிரதமராக இருந்தவர். 1941இல் நேச நாட்டுப் படைகள் ஈரானுக்குள் புகுந்து ரெஸா ஷா முடி துறந்தபோது நாட்டைக் கையில் வைத்திருந்தவர். அந்த மனிதர் அரசியலுக்கு நடுவே ஐரோப்பியத் தத்துவத்தின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதினார். முதல் தொகுதி 1931இல், டெகார்த்தின் புதிய மொழிபெயர்ப்போடு வந்தது. அவரே இப்னு சீனாவின் ஒரு பகுதியை அரபியிலிருந்து பாரசீகத்துக்கும் கொண்டுவந்திருக்கிறார். நல்ல, தெளிவான பாரசீகத்தில் எழுதியவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஈரானின் மார்க்கக் கல்வி மையமான கும் நகரத்து மௌலவிகளும் ஹெகலையும் காண்டையும் பெரும்பாலும் அவர் வழியாகத்தான் அறிந்தார்கள்.

இப்போது ஹமதானுக்கு வருகிறேன். 'நான் சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்ற டெகார்த்தின் வாக்கியம் இப்னு சீனாவைப் படித்த ஒருவர் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? இப்னு சீனா ஒரு மனிதனைக் கற்பனை செய்யச் சொன்னவர். வெட்டவெளியில் மிதக்கிறான், கண் மூடியிருக்கிறது, கைகால் ஒன்றையொன்று தொடவில்லை. தனக்கு உடம்பு இருப்பதுகூட அவனுக்குத் தெரியாது. அப்போதும் தான் இருப்பதை அவன் அறிவான் என்றார். அதோடு நிற்கவில்லை. 'என் செயலை வைத்து என்னை அறிகிறேன்' என்று ஒருவர் சொன்னால், அவரிடம் இப்படிக் கேட்கிறார்: வெறும் செயல் என்றால் யாரோ ஒருவர் செய்கிறார் என்றுதானே அதிலிருந்து தெரியும்? அது நீதான் என்று எப்படித் தெரியும்? 'என் செயல்' என்று நீ சொன்னால், அந்த 'என்' முன்பே வந்துவிட்டதே! எதை நிரூபிக்கப் போகிறாயோ அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறாய்.

டெகார்த் பிறப்பதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னால் எழுதியது இது. இதை முதல் தடவை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 20ஆம் நூற்றாண்டு ஈரானிய அறிஞர்கள் டெகார்த்துக்கு எதிராக இந்த வாதத்தை எடுத்துவைத்தார்கள். டெகார்த்துக்கு நியாயம் செய்ய வேண்டுமென்றால், தான் சொன்னது ஒன்றிலிருந்து இன்னொன்றை வருவித்த முடிவு அல்ல, நேரடியாகக் காண்பது என்று அவரும் பின்னால் விளக்கியிருக்கிறார். அதனால் அந்த அடி முழுதாக அவர்மேல் விழவில்லை. இருக்கட்டும். என்னைக் கவர்வது யார் ஜெயித்தார்கள் என்பதல்ல. ஏற்பதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். நீங்கள் கேட்ட மூன்றாவது வழி இதுதான்.

இதை இன்னும் தூரம் கொண்டுபோனவர் மெஹ்தி ஹாயிரி யஸ்தி. கும் மதரஸாவை 1922இல் புதிதாக நிறுவிய ஆயதுல்லாவின் மகன். மரபான கல்வியை முடித்தபின் வட அமெரிக்கா போய், மாணவராக மறுபடி உட்கார்ந்து, ரஸ்ஸலையும் விட்கென்ஸ்டைனையும் படித்து, 1979இல் டொரொண்டோவில் முனைவர் பட்டம் வாங்கினார். அவர் எடுத்துக்கொண்டது பழைய கருத்து ஒன்று: சில அறிவு பிம்பத்தின் வழியாக வருவதில்லை, முன்னிலையிலேயே இருக்கிறது. பல்வலியை எடுத்துக்கொள்ளுங்கள். வலியின் படம் ஒன்று மனதில் விழுந்து அதைப் பார்த்தா வலிக்கிறது என்று தெரிந்துகொள்கிறோம்? வலிப்பதும் அறிவதும் அங்கே ஒன்றுதான். சுஹ்ரவர்தியிடமிருந்து வந்த இந்தக் கருத்தைப் மொழியையும் தர்க்கத்தையும் நுணுகி ஆராயும் பகுப்பாய்வுத் தத்துவத்தின் மொழியில் ஆங்கிலத்தில் எழுதினார்.

கும் நகரத்தில் அதற்கு முன்பே தத்துவ ஆசான் தபாதபாயீ இருந்தார். 1946இல் தப்ரீஸிலிருந்து வந்தவர். மார்க்கச் சட்டமும் ஹதீஸும் முதன்மையாக இருந்த இடத்தில் தத்துவம் நடத்தியது பலருக்குப் பிடிக்கவில்லை. மாணவர்கள் பெட்டி நிறையச் சந்தேகங்களோடு வருகிறார்கள், அவற்றுக்குப் பதில் சொல்லாமல் எப்படி இருப்பது என்பது அவர் நியாயம். அந்தச் சந்தேகங்களில் பெரும்பகுதி மார்க்சியத்திலிருந்து வந்தது. 1940இல் சிறையில் இறந்த தகீ அரானி இயக்கவியல் பொருள்முதல்வாதம் பற்றி எழுதியவை இளைஞர்களிடம் பரவியிருந்தன. தபாதபாயீ எழுதிய பதில் 1953 முதல் அவருடைய மாணவர் முதஹ்ஹரியின் நீண்ட அடிக்குறிப்புகளோடு வெளிவந்தது. அதில் மார்க்சும் ஹெகலும் வருவது நேரடியாக அல்ல, இரண்டாம் கை நூல்களின் வழியாக. அது பெரிய குறைதான். காண்டின் தலையாய நூலே முழுதாகப் பாரசீகத்தில் வந்தது 1983இல், அதீப் சுல்தானியின் மொழிபெயர்ப்பில். பழைய பாரசீக வேர்களிலிருந்து அவர் சொற்களைப் புதிதாக உருவாக்கியதால் அதை வாசிப்பதும் லேசாக இல்லை.

சரி, ஹைடெக்கர். பிரெஞ்சில் ஹைடெக்கரை முதலில் மொழிபெயர்த்தவர்களில் ஒருவரான ஆன்றி கொர்பான் 1939இல் இஸ்தான்புல் போனார். போரால் 1945 வரை அங்கேயே சுஹ்ரவர்தியின் ஏட்டுப் பிரதிகளோடு இருந்தார். பிறகு தெஹ்ரான் வந்து, பின்னாளில் தபாதபாயீயோடு ஆண்டுக்கணக்கில் உரையாடினார். அது ஒரு வழி. இன்னொரு வழி அஹ்மது ஃபர்தீத். எழுதியது மிகக் குறைவு, பேசியது அதிகம். 'கர்ப்ஸதெகி' என்ற சொல் அவருடையது. 'கர்ப்' என்றால் மேற்கு. 'ஸதெ' என்றால் அடிபட்ட. பேயடித்தது என்கிறோமே, அதுபோல மேற்கு அடித்தது. ஜலால் ஆலெ அஹ்மது அந்தச் சொல்லை எடுத்து 1962இல் ஒரு சிறு நூல் எழுதினார். கோதுமை மணியை வண்டு உள்ளிருந்து தின்றுவிட, உமி மட்டும் முழுதாக நிற்பதைப் போன்ற நோய் என்றார். அந்தத் தலைமுறையை அந்த உவமை உலுக்கியது.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. ஹைடெக்கரின் கசப்பு மேற்குக்குள்ளேயே பிறந்தது. அவர் தன் வீட்டோடு சண்டை போட்டார். ஃபர்தீத் அந்தச் சண்டையைக் கடன் வாங்கி, சூஃபி ஞானி இப்னு அரபியின் சொற்களை அதற்குப் போர்த்தி, அடுத்த வீட்டுக்காரன்மீதான தீர்ப்பாக மாற்றினார். இப்னு சீனாவை வைத்து டெகார்த்தைக் கேட்டதுபோல ஹைடெக்கரை அங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை. 1980களில் ஃபர்தீதின் வழிவந்த தாவரிக்கும், லண்டனில் அறிவியல் தத்துவம் படித்துத் திரும்பிய சொரூஷுக்கும் நடந்ததுதான் நான் குறிப்பிட்ட சண்டை. தாவரி பக்கம் ஹைடெக்கர், சொரூஷ் பக்கம் பாப்பர். அதிலும் இரண்டு ஐரோப்பியப் பெயர்களே கொடிகளாக நின்றன. ஆனால் சொரூஷ் அதைத் தாண்டினார். மார்க்கம் வேறு, மார்க்கத்தைப் பற்றி மனிதர்கள் வைத்திருக்கும் அறிவு வேறு, பின்னது மாறும் என்று அவர் எழுதியதற்காகப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். இக்பாலிலிருந்து தொடங்குங்கள். ஈரானுக்கு அவர் போனதே இல்லை. ஆனால் பாரசீகத்தில் எழுதிய பெருங்கவிஞர். நீட்சேயின் இதயம் விசுவாசி, மூளைதான் காஃபிர் என்று பாடியவர். இஸ்லாமியச் சிந்தனையைப் புதிதாகக் கட்டுவது பற்றிய அவருடைய ஆங்கிலச் சொற்பொழிவுகள் சென்னை முஸ்லிம் சங்கம் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்டவை. 1929 ஜனவரியில் சென்னைக்கு வந்து முதல் மூன்றையும் அவரே வாசித்தார். முதல் சொற்பொழிவில் கஸ்ஸாலியைக் காண்டின் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார். பகுத்தறிவின் எல்லையைக் காட்டியதில் ஒருவர் செய்ததற்கும் மற்றவர் செய்ததற்கும் உள்ள ஒற்றுமை என்ன, எங்கே பிரிகிறார்கள் என்று சொல்கிறார். அந்தப் பக்கங்களைப் படித்து முடித்ததும் உங்கள் கடிதத்தின் முதல் பாதியை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.