கேளுங்க அண்ணாச்சி: அரக்குப் பட்டும் பளபளா மானிட்டரும்

கேள்வி: அண்ணாச்சி வணக்கம். அம்பாசமுத்திரத்துல சின்னதா ஸ்டுடியோ வச்சிருக்கேன், கல்யாண ஆல்பம்தான் பொழப்பு. மானிட்டர் ரொம்பப் பழசு, 19 இஞ்ச். லேப்ல இருந்து வார பிரிண்ட் எல்லாம் நான் ஸ்கிரீன்ல பாத்தத விட இருட்டா வருது, போன மாசம் ஒரு அரக்குக் கலர் பட்டு காப்பித்தூள் கலர்ல வந்துட்டு. புதுசு வாங்கலாம்னு வண்ணாரப்பேட்டைக்குப் போனா ஒரு கடையில 27 இஞ்ச், வளைஞ்சது, 165 ஹெர்ட்ஸ்னு காட்டுதாவ, அடுத்த கடையில 4கே இல்லாம போட்டோ வேலையான்னு சிரிக்காவ. கையில 15,000 ரூவா இருக்கு. எத வாங்க?

பதில்: தம்பி, ரூவாயப் பையில வச்சிக்கிடுங்க, முதல்ல இப்ப இருக்க மானிட்டரோட மெனுவத் திறந்து பிரைட்னஸ் எவ்வளவுல கெடக்குன்னு பாருங்க. நூறுலதான் கெடக்கும், வாங்கின அன்னைக்கு எப்படி வந்துச்சோ அப்படியே. பிரிண்ட் இருட்டா வருதுன்னு எனக்கு வார லெட்டர்ல முக்காவாசி இந்தக் கேசுதான்.

நானும் பட்டவந்தான். பாளையங்கோட்டைல கடை வச்சிருந்தப்ப ராத்திரி லைட்ட அணச்சிட்டு வேல பாப்பேன், அப்பதான் கண்ணுக்குக் குளுமையா இருக்கும்னு ஒரு நெனப்பு. அப்படி ஒரு ஆல்பம், நாப்பது ஷீட், முடிச்சு அனுப்பி பிரிண்ட் வந்து பொண்ணு வீட்டுல கொடுத்தா அந்தம்மா ரெண்டு ஷீட் பொரட்டிட்டு, "எம்பிள்ள மாநெறந்தான் தம்பி, அதுக்காக இப்படி அடுப்புக்கரியாவா ஆக்கணும்"னுட்டாவ. நான் நேரா லேப்புக்குப் போயி கத்துனேன். லேப்காரரு ஒண்ணும் பேசல, என்னய அவரு சிஸ்டம் முன்னால உக்கார வச்சு நான் அனுப்புன பைலத் திறந்து விட்டாரு. பைலே இருட்டு. நாப்பது ஷீட்டும் என் கைக்காசுல மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

என்ன நடக்குதுன்னா, புது மானிட்டர் சாதாரணமா 250, 300 நிட்ஸ் (ஸ்கிரீன் வெளிச்சத்த அளக்குத கணக்கு) வெளிச்சம் அடிக்கும், கடையில பளிச்சுன்னு தெரியணுமேன்னு கம்பெனிக்காரன் அப்படியே முழுசா வச்சு அனுப்புதான். போட்டோ வேலைக்கு 80ல இருந்து 120 வரைதான் வேணும். வெளிச்சம் ஜாஸ்தியா இருந்தா படம் உங்களுக்கு வெளுத்த மாதிரி தெரியும், நீங்க எக்ஸ்போஷரக் குறைப்பிய, ஆனா பேப்பருக்கு உள்ளுக்குள்ள லைட்டு கெடையாது பாத்தியளா, மேல விழுகுத வெளிச்சத்தத்தான் அது திருப்பிக் காட்டும், அதனால நீங்க குறைச்சது குறைச்சபடி இருட்டா வந்து நிக்கும்.

அளக்க மிசின் இல்லன்னா ஒரு வழி இருக்கு. மானிட்டரப் போட்டு அரை மணி நேரம் சூடாக விடுங்க. ஸ்கிரீன் முழுக்க வெறும் வெள்ளையத் திறந்து வச்சிட்டு, லேப்ல பிரிண்ட் போடுத போட்டோ பேப்பர்ல பிரிண்ட் விழாத வெள்ளைத் துண்டு ஒண்ணு கேட்டு வாங்கி ஸ்கிரீனுக்குப் பக்கத்துல பிடிங்க, டியூப் லைட்டு பேப்பர் மேல நேரா விழணும். இப்ப பிரைட்னஸப் பையப் பைய இறக்குங்க. ரெண்டு வெள்ளையும் ஒண்ணுபோல தெரியுத எடத்துல நிறுத்துங்க. 30லயோ 25லயோ போய் நிக்கும், முதல் ரெண்டு நாளு என்னடா இது மங்கலாக் கெடக்குன்னு இருக்கும், மூணாவது நாளு கண்ணு பழகிரும். அப்புறம் பழைய ஆல்பம் பைல் ஒண்ணத் திறந்து பிரிண்டோட சேத்துப் பாருங்க, எனக்கே போன் போட்டுச் சிரிப்பிய.

சரி, அரக்குக் கலருக்கு வாரேன். அது வெளிச்சத்தால மட்டும் வந்த தப்பு இல்ல. உங்க பழைய மானிட்டர் டிஎன் பேனலா, அதாவது மலிவு வகை ஸ்கிரீனா இருக்கும்னு நெனைக்கேன், கண்டுபிடிக்க லேசான வழி: போட்டோஷாப்புல சிவப்பு 110, பச்சை 15, நீலம் 25ன்னு போட்டு ஸ்கிரீன் முழுக்க ரொப்புங்க, அசல் அரக்குப் பட்டு மாதிரி வரும். நேரா உக்காந்து பாருங்க, மேல் ஓரத்துல ஒரு மாதிரி, கீழ் ஓரத்துல ஒரு மாதிரி இருக்கும். உக்காந்தவாக்குல தலைய இறக்கி டேபிள் மட்டத்துல இருந்து பாத்தா சேலையே மாறிப்போகும். ஒரே கலர்தான், பார்க்குத கோணத்துக்கு ஏத்த மாதிரி வேசம் போடுது. இந்த லெச்சணத்துல நீங்க முதுகு சாஞ்சு உக்காந்து கரெக்ஷன் பண்ணா ஒண்ணு, நிமிந்து பண்ணா ஒண்ணு. போதாக்குறைக்கு டிஎன்ல பெரும்பாலும் 6 பிட்டுதான், அதாவது சொந்தமா காட்டுத கலர் 2,62,144, மிச்சத்த புள்ளிய மாத்தி மாத்தி மினுக்கி ஏமாத்தும், 8 பிட்டுன்னா 1 கோடியே 67 லட்சம்.

அதனால உங்களுக்கு ஐபிஎஸ்ங்கிற இன்னொரு வகை பேனல். 1996ல ஜப்பான் ஹிட்டாச்சி கொண்டாந்தது, ஒரு காலத்துல பெரிய ஸ்டுடியோக்காரங்கதான் வாங்க முடியும், இப்ப சாதாரண 24 இஞ்ச்லயே வருது. பக்கத்துல கஸ்டமர் நாற்காலி போட்டு உக்காந்து பாத்தாலும் அவ்வொளுக்கும் அதே கலர் தெரியும், இதுல பாதிச் சண்டை தீந்துரும். குறை இல்லாம இல்ல. கருப்பு அட்டக்கருப்பா இருக்காது, கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், ஆயிரத்துக்கு ஒண்ணுங்கிற கணக்குதான், ராத்திரி இருட்டுல மூலையில லேசா வெளுப்பு தெரியும்.

அந்த வளைஞ்ச மானிட்டர் பெரும்பாலும் விஏங்கிற மூணாவது வகை பேனலா இருக்கும். கருப்பு அதுல நல்லாத்தான் இருக்கும், மூவாயிரத்துக்கு ஒண்ணு வரைக்கும் போகும், சினிமா பாக்க அருமை. ஆனா மாப்பிள்ளை கருப்புக் கோட்டுல இருக்க மடிப்பு நேரா பாத்தா மறைஞ்சு, தலையச் சாச்சா தெரியும். 165 ஹெர்ட்ஸ்னா ஸ்கிரீன் செகண்டுக்கு 165 தடவ படத்த மாத்தும்னு அர்த்தம், அது கேம் ஆடுத பிள்ளையளுக்கு, நிக்குத போட்டோவுக்கு 60 போதும். ஆல்பம் ஷீட்ல கோடு நேரா இருக்கா கோணலான்னு பாக்க வேண்டிய ஆளுக்கு வளைஞ்ச கண்ணாடி எதுக்குன்னுதான் நான் கேப்பேன்.

4கேன்னு சிரிச்சவர் கிட்ட நீங்க திருப்பிச் சிரிக்கலாம். 27 இஞ்ச்ல 4கேன்னா (3840க்கு 2160 புள்ளி) ஒரு இஞ்சுக்கு 163 புள்ளி, எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், விண்டோஸ்ல 150 சதவீதம் பெருசாக்கித்தான் வேல பாக்கணும், பழைய கம்ப்யூட்டரா இருந்தா அது வேற முக்கும். அழகாத்தான் இருக்கும், இல்லங்கல, உங்க 15,000க்கு அது முதல் தேவை இல்ல. அதே மாதிரி 27 இஞ்ச்ல 1920க்கு 1080 வாங்கிராதீய, இஞ்சுக்கு 82 புள்ளிதான், கண்ணிமை முடி எல்லாம் படிக்கட்டு மாதிரி தெரியும். 24 இஞ்ச்ல அதே 1080ன்னா 92, போதும். இன்னும் கொஞ்சம் ரூவா பொரட்ட முடிஞ்சா 27 இஞ்ச்ல 2560க்கு 1440, இஞ்சுக்கு 109, ஆல்பம் ஷீட்ட ரெண்டு பக்கமும் விரிச்சு வச்சு வேல பாக்க எனக்குத் தெரிஞ்சு அதான் சொகம்.

அட்டைப்பெட்டியில கான்ட்ராஸ்ட் கோடிக்கு ஒண்ணுன்னு போட்டிருந்தா அதப் படிக்காதீய, அது லைட்டக் கூட்டிக் கொறச்சு எடுத்த டைனமிக் கணக்கு, வேலைக்கு ஆகாது. கலர் கணக்கப் பாருங்க. எஸ்ஆர்ஜிபிங்கிறது ஸ்கிரீனுக்கும் போட்டோவுக்கும் பொதுவா வச்ச கலர் அளவு, அது 99, 100 சதவீதம்னு இருக்கணும். சில பெட்டியில என்டிஎஸ்சிங்கிற பழைய டிவிக் கலர் அளவுல 72ன்னு இருக்கும், அதுவும் கிட்டத்தட்ட அதே அளவுதான், பயப்பட வேண்டாம். என்டிஎஸ்சி 45ன்னு இருந்தா கையத் தொடச்சிட்டு வந்துருங்க, அதுல குங்குமம் செங்கல் பொடி மாதிரி இருக்கும். எஸ்ஆர்ஜிபிய விடப் பெரிய கலர் அளவான அடோபி ஆர்ஜிபிய முழுசாக் காட்டுத மானிட்டர் பெரிய வெலை, நம்ம ஊர் லேப்புக்கு அனுப்புத ஜேபெக் எஸ்ஆர்ஜிபில போனாப் போதும், எதுக்கும் உங்க லேப்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க.

வாங்கி வந்ததும் மெனுவுல எஸ்ஆர்ஜிபி மோடு வச்சிக்கிடுங்க, அது இல்லன்னா வெள்ளையோட நெறத்துக்கு 6500, நடுத்தர வெளிச்சத்துக்கு காமா 2.2 வச்சிக்கிடுங்க. பேக்டரியில இருந்து வாரப்ப வெள்ளை நீலம் பாஞ்சு இருக்கும், அதப் பாத்து நீங்க முகத்துல மஞ்சள ஏத்துவிய, பிரிண்ட்ல பொண்ணு மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கும். சுத்தமா சரி பண்ணணும்னா கலரிமீட்டர் வேணும், ஸ்கிரீன் மேல வச்சு அளக்குத ஒரு சின்னக் கருவி, மலிவு மானிட்டருக்கு அது வெலை மானிட்டரையே தூக்கிச் சாப்பிடும். ஆனா மாசத்துக்கு ஒரு தடவ அரை மணி நேர வேலதான் அதுக்கு, நீங்களும் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர்க்காரங்களும் நாலு பேரு சேந்து ஒண்ணு வாங்கிச் சுத்தி விட்டா என்ன? போட்டிக் கடைக்காரன் கூட எப்படிச் சேருததுன்னு கேப்பிய. அவன் ஆல்பமும் இருட்டாத்தான் வருது தம்பி, கேட்டுப் பாருங்க.

கடைக்குப் போறப்ப பென் டிரைவ்ல மூணு படம் கொண்டு போங்க. அந்த அரக்குக் கலர் ரொப்புனது, கருப்புல இருந்து வெள்ளைக்குப் பையப் போற சாம்பல் பட்டை, அப்புறம் முழுக் கருப்புல மூணு சின்னக் கட்டம், ஒண்ணுல சிவப்பு, பச்சை, நீலம் மூணும் 5, அடுத்ததுல 10, அடுத்ததுல 15. சாம்பல் பட்டையில வரி வரியா வெட்டு விழுந்தாலோ, இடையில பச்சை, ரோஸ் எட்டிப்பாத்தாலோ வேண்டாம். கட்டத்துல 10ம் 15ம் தெரியணும், 5 தெரிஞ்சா நல்ல மானிட்டர். கருப்பே சாம்பலா வெளுத்துத் தெரிஞ்சா மானிட்டரத் திட்டாதீய, எச்டிஎம்ஐ கேபிள்ல லிமிடெட் ரேஞ்சுன்னு செட்டாயிருக்கும், கிராபிக்ஸ் செட்டிங்ல புல் ரேஞ்சுன்னு மாத்தச் சொல்லுங்க. செத்த புள்ளி இருக்கான்னு வெள்ளையும் கருப்பும் போட்டு அங்கனயே பாத்துருங்க, வீட்டுக்குக் கொண்டாந்துட்டா ஒரு புள்ளிக்கு மாத்தித் தர மாட்டேன்பாவ.

இன்னொண்ணு, உங்க கடைச் சுவரு என்ன கலரு? கிளிப்பச்சைன்னா, நீங்க உக்காந்திருக்க முதுகுப்பக்கச் சுவரையாவது வெள்ளை கலந்த சாம்பல் அடிச்சிருங்க. எல்லாம் முடிஞ்ச பொறவு முழு ஆல்பத்த அனுப்பாம 4க்கு 6 ஒண்ணே ஒண்ணு பிரிண்ட் போட்டு வாங்கி, டியூப் லைட்டுலயும் திண்ணைல வச்சும் பாத்துட்டு அப்புறம் அனுப்புங்க.

கேள்வி: பழைய போட்டோ ஸ்கேன் பண்ணி சரி பண்ணிக் கொடுக்குத வேல வீட்டுல இருந்தே செய்யுதேன். சும்மா கெடக்க 32 இஞ்ச் டிவிய லேப்டாப்ல மாட்டிக்கிடலாமா அண்ணாச்சி? – மேலப்பாளையம் வாசகி

பதில்: வேண்டாம்மா. அது எச்டி ரெடி டிவின்னா 1366க்கு 768தான், இஞ்சுக்கு 49 புள்ளி வரும், தாத்தா போட்டோவுல மீசைய சரி பண்ணணும்னா ஒரு முடி எது கீறல் எதுன்னே தெரியாது. டிவி அதுபாட்டுக்கு ஷார்ப் ஏத்தும், கலர் ஏத்தும், நீங்க கீறலத் துடைச்சிட்டம்னு நெனைப்பிய, அது மறைச்சிருக்கும். உங்க வேலைல பாதி கருப்பு வெள்ளைதானே, சாம்பல் சுத்தமா இருக்க 24 இஞ்ச் ஐபிஎஸ் ஒண்ணு போதும். முடிச்ச படத்த வீட்டுக்காரங்களுக்குக் காட்ட டிவிய வச்சிக்கிடுங்க.

கேள்வி: சென்னைல ஒரு ஆபீஸ்ல கழிச்ச ஏய்ஸோ மானிட்டர் சல்லிசா வருது. வாங்கலாமா? – வள்ளியூர் வாசகர்

பதில்: ஏய்ஸோ (EIZO) மானிட்டர் செய்யுத ஜப்பான் கம்பெனி, நல்ல கம்பெனி. எத்தன மணி நேரம் ஓடியிருக்குன்னு மெனுவுலயே காட்டும், அதப் பாக்காம ரூவா கொடுக்காதீய. உள்ள எல்ஈடி லைட்டா பழைய குழல் லைட்டான்னு கேளுங்க, குழல்னா ஓட ஓட மஞ்சப் பாஞ்சு வெளிச்சம் கொறைஞ்சிருக்கும், அதுக்குச் சாமான் தேடி அலைய முடியாது. வெள்ளையத் திறந்து நாலு மூலையும் நடுவும் ஒண்ணுபோல இருக்கான்னு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, மாட்டேன்னா விட்டுருங்க.