பதினாறு சிப்பாய்கள்

அன்புள்ள ஐயா,

வீட்டிலேயே அலங்காரச் சதுரங்கக் காய்களும் பலகையும் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். ஆடுவதற்கு இல்லை, கண்ணாடி அலமாரியில் வைப்பதற்கு. ராஜா, ராணி இரண்டையும் பாலிமர் களிமண்ணில் முடித்துவிட்டேன். ராஜாவின் படத்தை இணைத்திருக்கிறேன். அந்தக் கிரீடத்துக்கு மட்டும் ஒரு வாரம் ஆனது. குதிரை வரவே மாட்டேன் என்கிறது. பலகையை பிளைவுட்டில் டேப் ஒட்டிப் பெயின்ட் அடித்தால் போதுமா, இரண்டு நிற மரத்தை ஒட்டித்தான் செய்ய வேண்டுமா? மற்ற காய்களை ரெசினில் வார்க்கலாமா? சிப்பாய்கள் எப்படியும் ஒரே மாதிரிதானே, அவற்றுக்கு மட்டும் ரெடிமேடாகக் கிடைக்கும் மர மணிகளை வட்டத் துண்டுகளின் மேல் ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். 'ஆடாத பலகைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?' என்று மனைவி கேட்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

ராஜாவைப் பார்த்தேன். கிரீடத்தின் விளிம்பில் ஊசியால் வரிசையாகக் குத்திய புள்ளிகள் ஒன்றுகூட விலகவில்லை. நிதானமான கை உங்களுக்கு. அந்தக் கையை வைத்துக்கொண்டு சிப்பாய்க்கு மணி ஒட்டப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது.

மனைவி கேட்டதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அது நீங்கள் இருவரும் பேசிக்கொள்ள வேண்டியது. ரெசினில் தாராளமாக வார்க்கலாம். சிலிகான் அச்சு எடுங்கள், கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெயில் விழும் இடத்தில் வைத்தால் எபாக்சி ரெசின் நாளாக நாளாக மஞ்சளடிக்கும். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சிப்பாய்க்கு வருகிறேன். கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் இது. உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டது.

32 காய்களில் 16 சிப்பாய்கள். சரிபாதி. உங்கள் அலமாரிக்கு முன்னால் வந்து நிற்பவரை நோக்கி நிற்கும் படையில் முதலில் கண்ணில் படுவது சிப்பாய் வரிசைதான். ராஜா அதற்குப் பின்னால் நிற்கிறார். ஒரு வாரம் உழைத்துச் செய்த கிரீடத்துக்கு முன்னால் எட்டு மணிகளை நிறுத்தினால், பார்ப்பவருக்கு அந்த மணிகளே மொத்த செட்டின் தரமாகத் தெரியும். வீட்டில் செட் செய்யும் பெரும்பாலானவர்கள் ராஜாவில் தொடங்குகிறார்கள், குதிரையில் திணறுகிறார்கள், சிப்பாய்க்கு வரும்போது ஆசை வற்றிவிடுகிறது. அப்புறம் மணி, பட்டன், மூடி என்று எதையாவது தேடுகிறார்கள். முழு செட்டும் தயாராகாமல் பாதியில் நின்ற வீடுகளில் போய்ப் பாருங்கள், அழகான ராஜா ஒருவர் மட்டும் தனியாக இருப்பார்.

லூயிஸ் காய்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831-இல் வெளிப்பட்டவை. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, பெரும்பாலும் வால்ரஸ் தந்தத்தில் செதுக்கியவை. சதுரங்கக் காய்கள் மட்டும் 78. அதில் ராஜா 8, ராணி 8, பிஷப் (நம் மந்திரி) 16. அதாவது நான்கு செட்டுக்குக் கணக்கு கச்சிதம். குதிரை வீரர்கள் 15, ஒன்று குறைவு. யானையின் இடத்தில் நிற்கும் காவலர்கள் 12, நான்கு குறைவு. சிப்பாய் 64 இருக்க வேண்டும் இல்லையா? இருப்பது 19. குறைந்த அந்த நான்கு காவலர்களில் ஒருவர் பிறகு கண்டுபிடிக்கப்பட்டு 2019-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தார். 1964-இல் 5 பவுண்டுக்கு வாங்கியிருந்த காய், 7,35,000 பவுண்டுக்குப் போனது. பத்திரிகைகள் எல்லாம் எழுதின. காணாமல் போன 45 சிப்பாய்களுக்காக யாரும் கண்ணீர் விட்டதாக நான் படிக்கவில்லை.

ஆனால் அந்த 19-ஐ நெருங்கிப் பாருங்கள். மற்ற காய்களுக்கு முகம் உண்டு, முழித்த கண்கள் உண்டு, ராணி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கவலைப்படுகிறார். சிப்பாய்க்கு முகமே இல்லை. நட்டுவைத்த சிறு கல் போல ஒரு வடிவம், அவ்வளவுதான். அப்படியிருந்தும் செதுக்கியவர் சும்மா விடவில்லை. பக்கங்களைப் பட்டை பட்டையாகச் சீவியிருக்கிறார். சிலவற்றில் மெல்லிய கோட்டு அலங்காரம்கூடப் போட்டிருக்கிறார். எளிமையாகச் செய்வது வேறு, அக்கறையில்லாமல் விடுவது வேறு.

"ஸ்டான்டன் சிப்பாயும் பந்துத் தலைதானே?" என்று நீங்கள் கேட்கப் போவது தெரிகிறது. 1849-இல் நதானியேல் குக் பெயரில் பதிவான அந்த வடிவத்தை ஜாக்ஸ் நிறுவனம் விற்றது. ஹோவர்ட் ஸ்டான்டன் தன் பெயரைக் கொடுத்தார். இன்றைக்கும் போட்டிகளில் ஆடுவது அந்த வழி வந்த காய்களைத்தான். அதன் சிப்பாயைக் கையில் எடுங்கள். பந்துக்குக் கீழே மெல்லிய ஒரு பட்டை இருக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய் நிற்பது அங்கேதான். அதற்குக் கீழே இடுப்பு ஒடுங்கி, அடி அகன்று விரிகிறது. எடுக்கும்போது வழுக்காது, வைக்கும்போது சாயாது. மணியில் இதில் எது இருக்கிறது?

என் அத்தான் ஒருவர் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர். கட்டில் கால், தூளிக் கம்பு, பம்பரம் எல்லாம் கடைந்த கை. ஓய்வு நேரத்தில் ஒரு சதுரங்க செட் செய்ய ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மரச்சுருள் பொறுக்கிக்கொண்டிருப்பேன். அவர் முதலில் கடைந்தது சிப்பாயைத்தான். ஒன்று சரியாக வந்ததும் அதன் பக்கவாட்டு வளைவை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டார். அடுத்தடுத்த காய்களை லேத்திலிருந்து கழற்றுவதற்கு முன் அந்த அட்டையை ஒட்டிப் பிடித்துப் பார்ப்பார். இடையில் வெளிச்சம் கசிந்தால் உளியை மறுபடி எடுப்பார்.

எல்லாம் முடிந்ததும் மேசை ஓரத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு, தரையில் குந்தி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகக் கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். இரண்டு காய்களைத் தனியாக வைத்தால் ஒரே மாதிரி தெரியும். வரிசையில் நிறுத்தும்போதுதான் ஒன்றின் கழுத்து ஒரு நூல் கூடுதல் உயரத்தில் இருப்பது பிடிபடும். அவர் செய்த யுக்தியைச் சொல்கிறேன், இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேவைக்கு மேலேயே கடைந்திருந்தார். சரியில்லாததை ஒதுக்கினார். மீதியில் கொஞ்சம் குட்டையானவை எல்லாம் ஒரு நிறம், கொஞ்சம் நெட்டையானவை எல்லாம் மறு நிறம். பலகையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உள்ள ஒரு நூல் வித்தியாசம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. பக்கத்துப் பக்கத்தில் நின்றால் மட்டுமே உறுத்தும்.

களிமண்ணிலும் இதே வேலைதான். சிப்பாய் ஒவ்வொன்றுக்கும் மண்ணை எடைபோட்டு எடுங்கள். அட்டையை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். 20 செய்து 16-ஐப் பொறுக்குங்கள். மண் பாக்கெட்டில் போட்டிருக்கும் சூட்டிலேயே சுடுங்கள், சீக்கிரம் ஆகட்டும் என்று கூட்டாதீர்கள், கருகிவிடும். இன்னொன்று, ஐந்தாவது சிப்பாயில் சலிப்பு வரும். பத்தாவதில் கை தானாகப் போக ஆரம்பிக்கும். அந்தக் கையோடு குதிரைக்குப் போங்கள். இப்போது உங்களுக்குக் குதிரை வராததற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை, வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள்.

அப்படியும் குதிரை வரவில்லை என்றால் குதிரையே வேண்டாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஈரானின் நிஷாப்பூர் செட் ஒன்று இருக்கிறது, அதுவும் 12-ஆம் நூற்றாண்டு. அதில் உருவம் என்று எதுவும் கிடையாது. ஒரு குமிழ், முன்னால் ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தால் குதிரை. இரண்டு நீட்டிக்கொண்டிருந்தால் யானை, நம் மூலை யானை இல்லை, இன்றைய பிஷப் இடத்தில் நிற்பது. பார்த்ததும் தெரிகிறது. அத்தானும் கடைசியில் குதிரைக்குச் சாய்வாக ஒரு வெட்டு, வாய்க்கு ஒரு கீறல் என்று முடித்துவிட்டார். அவர் நிஷாப்பூரைக் கண்டாரா என்ன?

அளவையும் சொல்லிவிடுகிறேன். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே பரிந்துரைக்கும் உயரம் ராஜா 9.5 செ.மீ., சிப்பாய் 5 செ.மீ. சிப்பாயின் அகலத்துக்குக் கணக்கு, ஒரு கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்கள் நிற்க வேண்டும். கட்டம் 5-லிருந்து 6 செ.மீ. அலங்கார செட் என்பதற்காக எல்லாக் காயையும் ஒரே உயரத்துக்கு வளர்த்துவிடாதீர்கள். கூட்டம் நெரிசலாகி, யார் யாரென்றே தெரியாது. அடியில் குழிதோண்டி இரும்பு வாஷர் வைத்து அடைத்தால் காய் கனமாக நிற்கும். ஃபெல்ட் துணியை அதற்குப் பிறகு ஒட்டுங்கள்.

பலகை கேட்டிருந்தீர்கள், மறக்கவில்லை. உங்களுக்கு பிளைவுட்டே போதும். முழுவதும் வெளிர் நிறம் அடித்துக் காயவிட்டு, டேப் ஒட்டி, டேப்பின் விளிம்பில் அதே வெளிர் நிறத்தை இன்னொரு தடவை மெல்லப் பூசுங்கள். கசிந்தால் அந்த நிறமே கசியும், அதன்மேல் அடர் நிறம் அடித்தால் கோடு கத்தியால் கீறியது போல வரும். மரத்தில்தான் செய்வேன் என்றால் 64 துண்டு வெட்டி ஒட்ட உட்காராதீர்கள். வெளிர் 4, அடர் 4 பட்டைகளை மாற்றி மாற்றி ஒட்டி, குறுக்கே எட்டாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பி மறுபடி ஒட்டினால் கட்டங்கள் தானாக அமையும். சுற்றுச் சட்டத்தை மட்டும் இறுக்கி ஒட்டிவிடாதீர்கள். மரம் பருவத்துக்குப் பருவம் அகலவாட்டில் விரியும், சுருங்கும். விரிய இடமில்லாவிட்டால் வெடிக்கும். பலகையை வைக்கும்போது, ஆடுபவருக்கு அருகிலுள்ள வரிசையில் வலது கை ஓரக் கட்டம் வெளிர் நிறமாக இருக்க வேண்டும். விளம்பரப் படங்களில் பாதியில் இதைத் தப்பாக வைத்து எடுக்கிறார்கள், எனக்கு அதைப் பார்த்தால் அன்றைய நாளே கெட்டுவிடும்.

கடைசியாக, ராணியை நிறத்துக்கு இரண்டாகச் செய்யுங்கள். சிப்பாய் எட்டாவது வரிசைக்குப் போனால் ராணியாக வேண்டும் அல்லவா? 2017-இல் கனடா சாம்பியன்ஷிப்பை முடிவுசெய்த ஆட்டத்தில் ஒருவர் அந்த அவசரத்தில் ராணி கைக்கு அகப்படாமல், வீட்டில் நாம் செய்வது போலவே யானையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டார். விதிப்படி தலைகீழாக இருந்தாலும் யானை யானைதான் என்று நடுவர் சொல்லிவிட்டார். ஆட்டம் போனது. உங்கள் செட் அலமாரியில் இருக்கப் போவது, தெரியும். இருந்தாலும் செய்யுங்கள். மொத்தம் 34 காய், ஒதுக்கப்போகும் சிப்பாய்கள் தனி. களிமண் வாங்கும்போது அந்தக் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள்.