கழுத்தடியில் உருண்டை: செம்பிக்கு என்ன ஆச்சு?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். வீட்டில் ஆறு நாட்டுக்கோழிகள். அதில் செம்பி மூன்று வயதுப் பெட்டை, என் மகள் குஞ்சிலிருந்து வளர்த்தது. மழை என்று பத்து நாள் எல்லாவற்றையும் திண்ணையிலேயே வைக்கோல் பரப்பி அடைத்து வைத்திருந்தோம். மூன்று நாளாக செம்பி இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நிற்கிறது. தீனி எடுக்கவில்லை. எச்சம் பச்சையாக, தண்ணியாகப் போகிறது. கழுத்துக்குக் கீழே உருண்டையாக ஏதோ தட்டுப்படுகிறது. உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் கால் துண்டு கொடுத்தேன். இஞ்சிக் கஷாயம் வாயைத் திறந்து ஊற்றினேன், இருமியது. மற்ற ஐந்தும் நன்றாக மேய்கின்றன. "சாவறதுக்குள்ள அறுத்துக் குழம்பு வெச்சிடலாம்" என்கிறார் மாமனார். மகள் அழுகிறாள். என்ன செய்வது?

பதில்: முதலில் கஷாயத்தை நிறுத்துங்கள் அம்மா. கோழியின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கின் வேர்ப்பக்கத்தில் ஒரு சின்னத் துளை திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழலின் வாய். அண்ணாக்கப் பிடித்து ஊற்றினால் பாதி அதற்குள்தான் போகும். செம்பி இருமியது அதனால்தான். இப்போது வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, கரகரவென்று சத்தம் கேட்டாலோ வீட்டு வைத்தியத்துக்குக் காத்திராமல் இன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நோயால் சாகாமல் மருந்து ஊற்றியதால் செத்த கோழிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, அந்தச் சூடு. கோழியின் இயல்பான உடல் வெப்பமே ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ், நமக்கு 37. நல்ல கோழியைத் தொட்டாலும் நம் கைக்குச் சுடத்தான் செய்யும். அது காய்ச்சல் இல்லை. மாத்திரை கொடுத்தது போகட்டும், இனி வேண்டாம். செம்பிக்கு இப்போது சூடு குறைவதுதான் ஆபத்து. இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்பதே குளிரைத் தாங்கத்தான்.

இனி உருண்டைக்கு வருவோம். கோழி கொத்தும் தீனி முதலில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் சேரும். சாயங்காலம் அந்தப் பை புடைத்திருக்கும், விடிகாலையில் காலியாகித் தட்டையாக இருக்கும். மூன்று நாள் தின்னாத கோழிக்கு அங்கே உருண்டை இருக்கவே கூடாது. இருக்கிறது என்றால் உள்ளே போனது கீழே இறங்கவில்லை என்று அர்த்தம். அடைத்து வைத்த கோழி பொழுதுபோகாமல் வைக்கோலைக் கொத்தும். வெளியே மேய்ந்தால் பொறுக்கித் தின்னும் சிறுகல்லும் கிடைத்திருக்காது. நீள நீளமான வைக்கோல் பந்தாகச் சுருண்டு வழியை அடைத்திருக்கும் என்பதே என் கணிப்பு. ஒருமுறை அரூர் பக்கத்திலிருந்து வந்த பெட்டையின் தீனிப்பையில் சாக்குத் தைக்கும் நைலான் நூல் ஒரு கைப்பிடி இருந்தது. வீட்டார் அதுவரை அதற்கு மிளகும் பூண்டும் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பச்சை எச்சத்தைப் பார்த்து வெள்ளைக்கழிச்சலோ (ராணிக்கெட் என்கிற தொற்றுநோய்) என்று நீங்கள் பயந்திருக்கலாம். பட்டினி கிடக்கும் எந்தக் கோழிக்கும் பித்தநீர் மட்டும் இறங்கி எச்சம் பச்சையாகத்தான் போகும். வெள்ளைக்கழிச்சல் ஒரு கோழியோடு நிற்காது. ஒரே திண்ணையில் அடைந்து கிடந்த ஆறில் இன்னும் சிலவாவது இதற்குள் தூங்கி விழுந்திருக்கும். கழுத்து முறுக்கிக்கொள்வது, கால் இழுத்துக்கொள்வது என்றும் காட்டும். ஆனாலும் ஒரு வாரத்துக்கு மற்ற ஐந்தின் மேல் ஒரு கண் வையுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. ஓர் அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, மற்ற கோழிகள் இல்லாத அறையில் செம்பியை வையுங்கள். வைக்கோல் வேண்டாம். பெட்டியின் ஒரு ஓரத்துக்கு மட்டும் சூடு படும்படி 60 வாட் குண்டு பல்பை ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். சூடு அதிகமானால் அதுவே மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. குண்டு பல்பு கிடைக்காவிட்டால் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம்.

உருண்டையை விரலால் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக, பிசைந்த மாவு போல இருந்தால் அது அடைப்பு. வெதுவெதுப்பான தண்ணீர் 5 மில்லி, அதில் சில சொட்டு நல்லெண்ணெய். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வையுங்கள். அதுவே விழுங்கட்டும், விழுங்கியபின் அடுத்த சொட்டு. பிறகு உருண்டையை ஐந்து நிமிடம் இதமாகப் பிசைந்து விடுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை இப்படிச் செய்யலாம். தானியம் எதுவும் வைக்காதீர்கள்.

கெட்டியாக இல்லாமல் தண்ணீர்ப்பை போல் தளதளவென்று இருந்து வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே தீனி புளித்துப் பூஞ்சை பிடித்திருக்கிறது. அப்போது எண்ணெய் வேண்டாம். தலைகீழாகப் பிடித்துக் கக்க வைக்கச் சிலர் சொல்வார்கள், வேண்டவே வேண்டாம். கக்கியது மூச்சுக்குழலில் போய்விடும். அதற்கு மருத்துவர் தரும் பூஞ்சை மருந்துதான் வழி.

குடிக்க மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வையுங்கள், அன்றன்றைக்குப் புதிதாக. வீட்டில் கலப்பதானால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் கோழிக்கு விஷம். இரண்டு நாளுக்கு மேல் இதையே வைக்காமல் சாதாரணத் தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள்.

தூக்கும்போது நெஞ்செலும்பைத் தடவுங்கள். கத்தி முனை போலத் துருத்திக்கொண்டிருந்தால் நோய் மூன்று நாளுடையதல்ல, பல வாரமாக உள்ளுக்குள் இருந்திருக்கிறது. பலவீனத்தைக் காட்டினால் மற்றவை கொத்தும், பருந்து கண் வைக்கும் என்று கோழி கடைசி வரை நன்றாக இருப்பதுபோலவே நடமாடும்.

மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். என்ன நோய் என்று தெரியாத, மாத்திரையும் உள்ளே போன கோழியைச் சமைப்பது சரியில்லை. மகளிடமும் ஒன்று சொல்லிவையுங்கள், செம்பியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தம் கூடாது.

இரண்டு நாளில் உருண்டை கரைந்து எச்சம் கெட்டிப்பட்டால் தண்ணியான கேழ்வரகுக் கூழும் வெந்த மஞ்சள் கருவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முழுத் தானியம் நாலைந்து நாள் கழித்துத்தான். கூடவே ஒரு கிண்ணத்தில் மணலும் சிறுகல்லும் வையுங்கள்.

மூன்றாம் நாள் காலையிலும் உருண்டை அப்படியே இருந்தால் அரசுக் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி வசதி இல்லாவிட்டால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் கேளுங்கள். தீனிப்பையைச் சிறிதாகக் கீறி உள்ளே இருப்பதை எடுத்துத் தையல் போட்டுவிடலாம், பெரிய அறுவை ஒன்றும் இல்லை. போகும்போது அன்றைய எச்சம் கொஞ்சம் ஒரு சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள், குடற்புழு இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். மற்ற ஐந்துக்கும் கழிச்சல் தடுப்பூசி போட்டிராவிட்டால் அப்போதே கேட்டுவிடுங்கள். செம்பிக்கு மட்டும் உடம்பு தேறியபின் போட்டால் போதும்.